இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே

வளரிளம் பருவத்து மனச்சோர்வும் கைப்பேசிக் குறுஞ்செய்தியும் குறித்த பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இந்த உரை கைப்பேசியைப் பற்றியது. ஆனால் தபால் உறையிலிருந்துதான் இதைத் தொடங்கவேண்டும். இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படையில் இருந்த ஜெரோம் மோட்டோ என்ற இளைஞருக்கு, ஊரிலிருந்து ஒரு பெண் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். எங்கோ ஒருவர் தன்னை நினைத்துக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணம் மனிதனுக்கு எவ்வளவு பெரிய பிடிமானம் என்பதை அந்தக் கடிதங்கள் அவருக்குக் காட்டின. பின்னாளில் மனநல மருத்துவரான மோட்டோ, 1969-இல் சான்பிரான்சிஸ்கோவில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். மனச்சோர்வாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தாலோ மருத்துவமனையில் சேர்ந்து வீடு திரும்பியவர்களில், மேற்கொண்டு சிகிச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்ட 843 பேரை அவர் இரண்டு பிரிவாகப் பிரித்தார். ஒரு பிரிவினரை அவர்கள் போக்கில் விட்டுவிட்டார். மற்றவர்களுக்கு ஐந்து ஆண்டுகள், ஆண்டுக்கு நான்கு முறையாவது, கடிதம் போயிற்று.

கடிதம் என்றால் இரண்டு மூன்று வரிதான். நீங்கள் இங்கிருந்து போய்ச் சில காலம் ஆகிறது, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள். இவ்வளவே. மருந்து சாப்பிட்டீர்களா என்ற விசாரணை இல்லை. மருத்துவமனைக்கு வாருங்கள் என்ற வற்புறுத்தல் இல்லை. நிரப்பி அனுப்பவேண்டிய படிவமும் இல்லை. கடிதம் பெற்றவர்களிடையே முதல் இரண்டு ஆண்டுகளில் தற்கொலை மரணங்கள் தெளிவாகக் குறைந்திருந்தன. பிறகு அந்த வேறுபாடு மெல்ல மெல்லத் தேய்ந்தது. 2001-இல் மோட்டோவும் அவருடைய சக ஆய்வாளரும் வெளியிட்ட அறிக்கை இரண்டையும் மறைக்காமல் சொல்கிறது.

மோட்டோவின் வழியைப் பலர் தொடர்ந்தார்கள். ஆஸ்திரேலியாவின் நியூகாசல் நகரில் தன்னைத்தானே வருத்திக்கொண்டு மருத்துவமனைக்கு வந்த 772 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. அவர்களில் ஒரு பிரிவினருக்கு ஓர் ஆண்டில் எட்டு அஞ்சலட்டைகள் அனுப்பினார்கள். மீண்டும் மருத்துவமனைக்கு வந்த ஆட்களின் விகிதம் பெரிதாக மாறவில்லை. ஆனால் அப்படி வந்த மொத்தத் தடவைகள் ஏறக்குறையப் பாதியாகின.

தமிழர் ஊர்களுக்கும் இந்த வரலாற்றில் நேரடிப் பங்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நகரங்களில் நடத்திய ஆய்வொன்றில் சென்னையும் கொழும்பும் இருந்தன. பிரேசில், ஈரான், சீனாவிலிருந்து மற்ற மூன்று நகரங்கள். தற்கொலைக்கு முயன்று உயிர் பிழைத்த 1,867 பேர் இதில் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றொரு பிரிவினருக்கு, வீட்டுக்குப் போகும் முன் ஒரு மணி நேர உரையாடல். அதன்பின் 18 மாதங்களுக்குள் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ ஒரு விசாரிப்பு. 2008-இல் முடிவு வெளியாயிற்று. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 விழுக்காடு. விசாரிப்பும் சேர்ந்து பெற்றவர்களில் 0.2 விழுக்காடு.

ஒன்பது விசாரிப்புகள். இந்த உரை முடியும்வரை அந்த எண் நினைவில் இருக்கட்டும்.

இந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள். பதின்பருவத்துப் பிள்ளைகளின் மனச்சோர்வு வேறு முகத்தோடு வருகிறது. இந்தியாவில் 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்கு உட்பட்டவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதாவதொரு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கணக்கிட்டது. நாற்பது பேர் படிக்கும் வகுப்பறை என்றால் மூன்று பேர். அந்த மூன்று பேரும் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பார்கள் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இந்த வயதில் மனச்சோர்வு எரிச்சலாகவும் வெளிப்படும் என்பது மருத்துவ நூல்களே ஏற்றுக்கொண்ட அறிகுறி. அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் சுள்ளென்று விழுவார்கள். கதவைச் சாத்திக்கொள்வார்கள். தலைவலி, வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கு மட்டம் போடுவார்கள். ‘மனச்சோர்வு’ என்ற சொல் அவர்கள் வாயில் வராது. ‘எதுவும் பிடிக்கல’, ‘கடுப்பா இருக்கு’, ‘சும்மா விடுங்க’ என்பவைதான் வரும். வீட்டில் அதற்குத் திமிர் என்று பெயர் வைத்துவிடுவார்கள். அந்தப் பெயரால் வீணாகும் மாதங்கள் கொடுமையானவை. ஏனென்றால் இது சிகிச்சைக்குக் கட்டுப்படும் நோய். அமெரிக்காவில் 12 முதல் 17 வயதுக்குட்பட்ட 439 பேரைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2004-இல் வந்தது. மருந்தும் பேச்சு சிகிச்சையும் சேர்ந்து பெற்றவர்களில் 71 விழுக்காட்டினர் 12 வாரங்களில் நல்ல முன்னேற்றம் கண்டார்கள்.

பேச்சு சிகிச்சை என்றால் மருத்துவர் அறிவுரை சொல்ல, பிள்ளை தலையாட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். ஆரன் பெக் 1960-களில் உருவாக்கிய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் பெரும்பகுதி வேலை அறைக்கு வெளியேதான் நடக்கிறது. பள்ளியைப் போலவே வீட்டுப்பாடம் உண்டு. இந்த வாரம் மூன்று நாள் சாயங்காலம் வெளியே போய் வரவேண்டும். மனம் கனத்துப்போன நேரத்தில் என்ன எண்ணம் ஓடியது என்று குறித்து வரவேண்டும். தினமும் மனநிலைக்கு ஒரு மதிப்பெண் போடவேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். சிகிச்சையாளர் பார்ப்பது அதில் ஒரு மணி நேரம். மீதி 167 மணி நேரத்திலும் வீட்டுப்பாடத்தைச் செய்யவேண்டியவர், எதையும் செய்யும் தெம்பை நோய் பறித்துக்கொண்ட ஒருவர். சிக்கலின் முடிச்சு இங்கேதான் விழுகிறது.

காகிதத்தில் எழுதும் குறிப்பேடு எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பதை 2002-இல் வந்த ஓர் ஆய்வு அழகாகக் காட்டியது. ஆர்தர் ஸ்டோன் என்ற உளவியலாளரும் குழுவினரும் நாள்பட்ட வலியால் அவதிப்படும் பெரியவர்களுக்குக் குறிப்பேடு கொடுத்தார்கள். தினமும் மூன்று முறை, குறித்த நேரத்தில், வலியின் அளவை எழுதவேண்டும். குறிப்பேட்டின் உறைக்குள் ஒளியை உணரும் சிறு கருவி ஒன்று இருந்தது; எப்போது திறக்கிறார்கள், எப்போது மூடுகிறார்கள் என்று அது பதிந்துகொண்டது. நோயாளிகள் ஒப்படைத்த தாள்களின்படி 90 விழுக்காடு பதிவுகள் நேரத்துக்கு எழுதப்பட்டவை. கருவியின்படி உண்மையில் நேரத்துக்கு எழுதப்பட்டவை 11 விழுக்காடு. குறிப்பேட்டைத் திறக்கவே திறக்காத நாட்களுக்கும் பதிவுகள் இருந்தன! பிறகொரு நாள் உட்கார்ந்து மொத்தமாக எழுதியிருக்கிறார்கள். நேரமானதும் தானே ஒலி எழுப்பும் மின்னணுக் குறிப்பேடு பெற்ற மற்றொரு பிரிவில் 94 விழுக்காடு பதிவுகள் நேரத்துக்கு வந்தன.

அந்த நோயாளிகளைப் பொய்யர்கள் என்று சொல்ல எவருக்கும் மனம் வராது. தேர்வுக்கு முந்தின நாள் இரவு பதிவேட்டை எழுதி முடித்த எல்லோருக்கும் இது தெரிந்த கதைதான். ஆனால் மனச்சோர்வில் இதற்கு ஒரு தனி ஆபத்து உண்டு. சோர்ந்த மனத்தின் நினைவாற்றல் விவரங்களைத் தொலைத்துவிட்டு மொத்தமாகப் பேசும். பிரிட்டன் உளவியலாளர் மார்க் வில்லியம்ஸ் 1986 முதல் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ‘வாரம் எப்படிப் போச்சு?’ என்று கேட்டால் ‘முழுக்க மோசம்’ என்றுதான் பதில் வரும். அது அந்தப் பிள்ளைக்கு அப்பட்டமான உண்மையாகவே தோன்றும்.

அயர்லாந்தில், டப்ளின் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த மார்க் மேத்யூஸும் கேவின் டோஹர்ட்டியும் இந்த இடத்தில்தான் கைவைத்தார்கள். அவர்கள் கணினி அறிவியல் துறையினர். பதின்பருவத்தினர் காகிதத்தை மறந்து வருவார்கள், கைப்பேசியை மறக்கமாட்டார்கள். மனநிலை, தூக்கம், தெம்பு ஆகியவற்றைச் சில பொத்தான்களில் பதிந்துகொள்ளும் குறிப்பேடு ஒன்றைக் கைப்பேசிக்கென உருவாக்கினார்கள். தோளுக்குப் பின்னால் நின்று யாராவது எட்டிப் பார்த்தாலும், நண்பர்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தாலும் அது சிகிச்சைக் கருவி என்று காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார்கள். பள்ளி மாணவர்களிடம் முதலில் சோதித்து, பிறகு அரசு மனநலச் சிகிச்சை மையங்களில் சிகிச்சை பெறும் பத்துப் பேரிடம் கொடுத்தார்கள். 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். பத்துப் பேர் என்பது சின்ன எண்ணிக்கை. அதை வைத்து நோய் குணமாகும் என்று யாரும் முழங்க முடியாது, அவர்களும் முழங்கவில்லை. பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை விடாமல் செய்வதற்கு அது உதவக்கூடும் என்றார்கள். பதிவுகள் வரைபடமாகத் திரையில் விரியும். பிள்ளையும் சிகிச்சையாளரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்ப்பார்கள்.

அந்தக் காட்சியை நம் ஊருக்குக் கொண்டுவந்து, கற்பனையாக ஒரு மாணவியை வைத்துப் பார்க்கலாம். பதினொன்றாம் வகுப்பு. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் செவ்வாய்க்கிழமைதோறும் மனநல ஆலோசகரைப் பார்க்கிறாள். முன்பு மாலையில் சைக்கிள் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றியவள், மூன்று மாதமாகப் படுக்கையை விட்டு எழுவதில்லை. ஆலோசகர் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் முக்குக் கடைவரை சைக்கிளில் போய் வா, போதும் என்கிறார். தினமும் மாலை ஐந்தே காலுக்கு ஒரு குறுஞ்செய்தி வரும், இரவு எட்டுக்கு இன்னொன்று.

புதன்: ‘சைக்கிள் எடுத்தாச்சா?’ பதில் இல்லை. இரவு: ‘இன்னைக்கு மனசுக்கு ஒன்பதுக்கு எத்தனை?’ பதில்: 3. வியாழன்: ‘சைக்கிள்?’ பதில்: ‘ம். டியூஷனுக்கு.’ இரவு: 6. வெள்ளி: ‘மழை.’ இரவு: 4. சனி: பதில் இல்லை. ஞாயிறு இரவு: 2. திங்கள்: 3.

செவ்வாய்க்கிழமை அவள் வந்து உட்கார்ந்து, ‘எல்லா நாளும் ஒரே மாதிரிதான் சார்’ என்கிறாள். ஆலோசகர் வாதாடுவதில்லை, திரையைத் திருப்பிக் காட்டுகிறார். வியாழக்கிழமை மட்டும் 6 ஏன்? அவள் யோசிக்கிறாள். டியூஷனில் பழைய தோழி பக்கத்தில் உட்கார்ந்தாள், வரும்போது இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து வந்தார்கள். ஞாயிறு 2 ஏன்? மறுநாள் பள்ளி. திங்கட்கிழமை முதல் வகுப்பில் என்ன நடக்கிறது என்ற பேச்சு அங்கிருந்து தொடங்குகிறது. ஒரு மணி நேரச் சந்திப்பில் முதல் அரைமணி நேரம் ‘என்ன நடந்தது’ என்று தோண்டுவதிலேயே போய்விடும். இங்கே இரண்டாவது நிமிடத்திலேயே வேலை ஆரம்பமாகிறது. குறுஞ்செய்தி செய்தது இவ்வளவுதான், ஆனால் இது சின்ன வேலை இல்லை.

இந்தக் கற்பனைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. சான்பிரான்சிஸ்கோ பொது மருத்துவமனையில் மனச்சோர்வுக்குக் குழுச் சிகிச்சை பெற வந்த, வசதி குறைந்த, பெரும்பாலும் ஸ்பானிய மொழி பேசும் நோயாளிகளுக்கு அட்ரியன் அகிலேரா என்ற பெர்க்லி பேராசிரியர் இதே போன்ற தினசரிச் செய்திகளை அனுப்பினார். அவர்கள் பெரியவர்கள், ஆனால் பாடம் பொருந்தும். குறுஞ்செய்தி பெறாதவர்களில் பாதிப்பேர் மூன்று வாரத்துக்குள் சிகிச்சையை விட்டு நின்றுவிட்டார்கள். பெற்றவர்களில் பாதிப்பேர் நிற்க 13 வாரங்களுக்கு மேல் ஆயிற்று. கணினி தானாக அனுப்பும் செய்தி என்று தெரிந்தும், நம்மை யாரோ கவனிக்கிறார்கள் என்ற உணர்வு வந்ததாக நோயாளிகள் சொன்னார்கள். வெறும் நினைவூட்டல் ஒன்று இப்படி உணரப்படுவதற்குக் காரணம், அதன் மறுமுனையில் அவர்களுக்குப் பெயர் தெரிந்த, முகம் தெரிந்த ஒரு மருத்துவர் இருந்தது என்றுதான் தோன்றுகிறது.

மறுமுனையில் யாரும் இல்லாவிட்டால் என்ன ஆகும்? நியூசிலாந்தில் அதற்கும் பதில் இருக்கிறது. ராபின் விட்டேக்கர் தலைமையிலான குழு, ஆக்லாந்து உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 855 மாணவர்களைச் சேர்த்து, மனச்சோர்வு வராமல் தடுக்கும் திட்டமொன்றை நடத்தியது. ஒரு பிரிவினருக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் கருத்துகள், நாளுக்கு இரண்டு செய்தி வீதம் ஒன்பது வாரங்கள், எழுத்தாகவும் காணொளியாகவும் கைப்பேசிக்குப் போயின. மறு பிரிவுக்கு அதே எண்ணிக்கையில், உணவு, சுற்றுச்சூழல் போன்ற வேறு செய்திகள். மாணவர்களுக்குத் திட்டம் பிடித்திருந்தது. மூன்றில் இரண்டு பேர், நம்பிக்கையோடு யோசிக்க அது உதவியது என்றார்கள். 2017-இல் இறுதிக் கணக்கு வந்தபோது, மனச்சோர்வு அளவில் இரண்டு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை.

இந்த முடிவை வெளியிட்டவர்களைப் பாராட்டவேண்டும். செய்தி பிடித்துப்போவதும் நோய் குறைவதும் வெவ்வேறு என்பதை அவர்களால் அறிந்தோம். அந்த மாணவர்களில் பலருக்கு மனச்சோர்வே இருந்திருக்காது, ஆகையால் குறைய எதுவும் இல்லை என்பது ஒரு விளக்கம். இன்னொன்றும் உண்டு. அவை எல்லோருக்கும் ஒரே மாதிரி போன செய்திகள். ஒரு பிள்ளை 2 என்று சொன்னால் அதைப் பார்த்துத் திடுக்கிட அங்கே ஆள் இல்லை.

அமெரிக்காவில் ரோட் ஐலண்டில் மெகன் ரேனி என்ற அவசரச் சிகிச்சை மருத்துவர் வேறு விதமாகச் செய்தார். அவசரப் பிரிவுக்கு ஏதோ ஒரு காரணத்துக்காக வரும் பிள்ளைகளிடம் மனச்சோர்வின் அறிகுறி தெரிந்தால், முதலில் அங்கேயே நேரில் பேச்சு. பிறகு எட்டு வாரம் குறுஞ்செய்தி. தினமும் மனநிலையைக் கேட்டு, பதிலுக்கு ஏற்ற மாதிரி அன்றைய செய்தி. முகம் முதலில், திரை பிறகு.

இலங்கையில் கொழும்பு தெற்கு போதனா மருத்துவமனையில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வும் அதே வரிசையைப் பின்பற்றியது. தன்னைத்தானே வருத்திக்கொண்டு வந்து சேர்ந்த 68 பேர். 15 வயதுப் பிள்ளைகள் முதல் முதியவர்கள் வரை. சிக்கலைக் கூறுபோட்டுப் பார்க்கும் முறை, தியானம், உதவிக்கு யாரை நாடுவது ஆகியவற்றை முதலில் நேரில் கற்றுக்கொடுத்தார்கள். வீட்டுக்குப் போனபின் தொலைபேசி அழைப்பு, ஒலிப்பதிவு, குறுஞ்செய்தி. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் மனச்சோர்வும் குறைந்தன. மது, போதைப்பழக்கத்தில் மாற்றமில்லை. ஆடம்பரக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. சாதாரணக் கைப்பேசியே போதுமாக இருந்தது.

தமிழில் இதைச் செய்யவேண்டும் என்றால் தமிழுக்கென்றே சில கேள்விகள் எழும். பிரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1985-இல் குறுஞ்செய்திக்கு 160 எழுத்து போதும் என்று கணக்கிட்டார். அது ரோமன் எழுத்துக்கு. தமிழ் எழுத்தில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 குறியீடுகள்தான் கிடைக்கும். அதிலும் புள்ளியும் கொம்பும் கொக்கியும் தனித்தனியே எண்ணப்படும். ‘வணக்கம்’ என்பதில் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கைப்பேசிக்கு ஏழு. ஆகையால் நீட்டி முழக்க இடமில்லை. ‘மனசு எப்படி இருக்கு?’ என்பது இருபதில் முடிந்துவிடும்.

அந்த நெருக்கடி ஒருவகையில் நல்லதுதான். ‘தங்களது இன்றைய மனநிலையை 1 முதல் 9 வரை மதிப்பிட்டு அனுப்பவும்’ என்று ஒரு செய்தி வந்தால் அது மின்கட்டண நினைவூட்டலோடு சேர்ந்து அழிக்கப்படும். பதினாறு வயதுப் பிள்ளை அந்தத் தமிழில் யாருக்கும் எதுவும் எழுதுவதில்லை. பல பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்கிறார்கள். அவர்கள் வருத்தமும் அந்த எழுத்தில்தான் வருகிறது. அதை மட்டம் என்று நினைப்பவர் அந்த வருத்தத்தைப் படிக்கவே போவதில்லை. பிறகு ‘நீ’யா ‘நீங்க’ளா என்ற கேள்வி. ஆங்கிலத்தில் செய்தி எழுதும் மருத்துவருக்கு இந்தக் கவலை கிடையாது. அறிமுகமில்லாத ‘நீ’ அதட்டலாகப் படும். ‘நீங்கள்’ அலுவலகக் கடிதமாகப் படும். இதற்குப் பொது விதி வகுக்க முடியாது. அந்தப் பிள்ளையிடம் ஆலோசகர் நேரில் எப்படிப் பேசுகிறாரோ அப்படித்தான் செய்தியும் பேசவேண்டும். முதல் சந்திப்பிலேயே ‘உனக்கு எப்படி எழுதினால் பிடிக்கும்?’ என்று கேட்டு, செய்தியின் வாசகத்தைப் பிள்ளையையே எழுதச் சொல்வது எல்லாவற்றிலும் சிறந்தது. தானே எழுதிய கேள்விக்குப் பதில் சொல்ல யாருக்கும் தயக்கம் குறைவு.

அடுத்தது கைப்பேசி யாருடையது என்பது. பல வீடுகளில் பிள்ளையின் கைப்பேசி என்று தனியாக ஒன்று இல்லை. அப்பாவுடையதோ அண்ணனுடையதோ மாலையில் கைக்கு வரும். திரை பூட்டியிருக்கும்போதே செய்தியின் முதல் வரி மேலே தெரியும். சாப்பாட்டு மேசையில் கிடக்கும் கைப்பேசியில் மனநலப் பிரிவின் பெயரோடு ஒரு செய்தி மின்னினால், அந்த வீட்டில் அந்தப் பிள்ளைக்கு என்ன நேரும் என்பதை முன்கூட்டியே யோசிக்கவேண்டும். டப்ளின் ஆய்வாளர்கள் கவனித்தது இதைத்தான். இந்திய அரசு 2020 மார்ச்சில் வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைகள் எழுத்துவழிச் செய்தியையும் மருத்துவ ஆலோசனைக்கான வழிகளில் ஒன்றாக ஏற்கின்றன. நோயாளி சிறார் என்றால் பெரியவர் ஒருவர் உடன் இருக்கவேண்டும் என்றும் சொல்கின்றன. ஆக, பெற்றோருக்குத் தெரியாமல் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. திட்டம் பெற்றோருக்குத் தெரியும், ஆனால் ஒவ்வொரு பதிலையும் அவர்கள் படிக்கமாட்டார்கள், ஆபத்து என்றால் மட்டும் அவர்களிடம் சொல்லப்படும் என்ற உடன்பாட்டை மூவரும் உட்கார்ந்து முதல் நாளே பேசிக்கொள்ளவேண்டும்.

இரவு இரண்டு மணிக்கு அபாயமான செய்தி வந்தால் யார் படிப்பார்கள் என்பதையும் அன்றே சொல்லிவிடவேண்டும். படிக்க ஆள் இல்லை என்றால் ‘இரவில் இந்த எண்ணைப் பார்க்க ஆள் கிடையாது, உடனே பேசவேண்டும் என்றால் இந்த எண்ணை அழை’ என்று தானாகப் பதில் போகவேண்டும். ஆபத்தில் உள்ளவருக்குக் கடைசியில் கைகொடுப்பது மனிதக் குரல்தான்; குறுஞ்செய்தி அவரை அந்தக் குரலிடம் கொண்டுசேர்க்கவேண்டும்.

எழுத்துவழி உதவி எவ்வளவு தேவைப்படுகிறது என்பதற்கு அமெரிக்காவின் ‘க்ரைசிஸ் டெக்ஸ்ட் லைன்’ சான்று. இளைஞர்களுக்குச் சமூகப்பணி குறித்துச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த அமைப்பு ஒன்றின் எண்ணுக்கு, தனக்கு வீட்டுக்குள் நேரும் கொடுமையைச் சொல்லி ஒரு சிறுமி செய்தி அனுப்பினாள். வேறு யாரிடமும் சொல்ல வழியில்லாமல், அறிமுகமற்ற ஓர் எண்ணிடம் சொன்னாள். அதிலிருந்து பிறந்து 2013-இல் தொடங்கியதுதான் அந்தச் சேவை. குரல் எழுப்பினால் பக்கத்து அறைக்குக் கேட்டுவிடும் வீடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு எழுத்துதான் ஒரே கதவு. அதே அமைப்பு, பெயர் நீக்கப்பட்ட உரையாடல் தரவுகளைத் தன்னிடமிருந்து கிளைத்த வணிக நிறுவனம் ஒன்றோடு பகிர்ந்தது 2022 ஜனவரியில் செய்தியாக வெளிவந்தது. கண்டனம் எழுந்ததும் அந்தப் பகிர்வு நிறுத்தப்பட்டது. இருட்டில் தட்டச்சு செய்யப்பட்ட வார்த்தைகளுக்கு யார் சொந்தக்காரர் என்ற கேள்வியை, இப்படியொரு சேவையைத் தொடங்கும் எவரும் முதல் நாளே தமக்குள் கேட்டுக்கொள்ளவேண்டும்.

இயந்திரமே பேசினால் என்ன என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். 2023-இல் அமெரிக்காவின் தேசிய உணவுப்பழக்கக் கோளாறு சங்கம், மனிதர்கள் பேசிய உதவித் தொலைபேசியை மூட முடிவெடுத்தது. அந்தச் சங்கத்திடம் ‘டெஸ்ஸா’ என்ற உரையாடல் மென்பொருளும் இருந்தது. பட்டினி கிடந்து உடலைக் கெடுத்துக்கொள்ளும் நோயாளிகள் நாடிவரும் இடத்தில், எடையைக் குறைக்கும் யோசனைகளை அது சொன்னது. மென்பொருளை உடனே எடுத்துவிட்டார்கள். உளவியலாளர்கள் உருவாக்கி, முறையான ஆய்வுகளோடு வந்த ‘வோபாட்’ செயலியும் 2025 ஜூன் 30-ஆம் தேதி மூடப்பட்டது. அதனோடு தினமும் பேசிவந்தவர்களுக்கு அந்தத் தொடர்பு அன்றோடு நின்றது. பிள்ளையின் சிகிச்சையை முழுவதுமாக ஒரு செயலியிடம் ஒப்படைக்க முன்வருபவர்கள் இந்த இரண்டையும் மறக்கக்கூடாது. மோட்டோவின் கடிதம் வேலை செய்தது. அதைத் தட்டச்சு செய்தவரும், பதில் வந்தால் பிரித்துப் படிப்பவரும் மனிதர்கள்.

ஆகவே இந்த அவையிலிருந்து மாவட்ட மனநலத் திட்டத்தில் பணியாற்றுவோருக்கும் பள்ளி ஆலோசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிய செயலிக்கும் நிதி ஒதுக்கீட்டுக்கும் காத்திருக்கவேண்டாம். இப்போது உங்களிடம் வந்துகொண்டிருக்கும் பிள்ளைகளில் ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். பெற்றோர் ஒப்புதலோடு, இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே, அவர்கள் சொன்ன வாசகத்தில், அவர்கள் சொன்ன நேரத்தில் ஒரு வரி அனுப்புங்கள். வரும் பதிலை அன்றே படியுங்கள். படிக்க நேரம் இருக்காது என்றால் ஐந்தை மூன்றாக்கிக்கொள்ளுங்கள். படிக்கப்படாத பதிலைவிடக் கேட்கப்படாத கேள்வியே மேல்.

பெற்றோருக்கு: கைப்பேசியைப் பிடுங்குவதற்கு முன்னால், அதன் வழியாகப் பிள்ளைக்கு ஏதேனும் நல்லது வருகிறதா என்று ஒருமுறை கேளுங்கள். உங்கள் பிள்ளை வெளியூரில் விடுதியில் இருந்தால், ‘மார்க் எவ்வளவு’ என்று அனுப்பும் செய்திக்கு நடுவே, பதில் எதிர்பார்க்காத ஒரு வரியை அனுப்பிப் பாருங்கள். சென்னையிலும் கொழும்பிலும் 18 மாதங்களில் ஒன்பது முறைதான் விசாரித்தார்கள்.

மாணவர்களுக்கு: பேசவேண்டும் என்று தோன்றினால், உங்களுக்கோ உங்கள் தோழருக்கோ, இந்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. சென்னையில் 1986 முதல் இயங்கிவரும் ஸ்நேகா அமைப்பின் எண் 044-24640050. டெலி மானஸ் இரவும் பகலும் இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.